சிரிப்போடு வந்த கணக்கு

கிளி ஒன்று, “1, 1, 2, 3, 5” என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது. துப்பறிவாளர்கள் இருவர் அதைக் கூர்ந்து கவனிக்கின்றனர். அவர்கள் துப்பாக்கிக்குப் பதிலாகக் கால்குலேட்டரை இடுப்பில் செருகியிருக்கின்றனர். முகத்தில் சிறு புன்னகைகூட இல்லாமல் அவர்கள் பேசுவது நமக்குச் சிரிப்பை வரவழைக்கிறது.

இது ‘ஸ்குவேர் ஒன் டிவி’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வந்த ‘மேத்நெட்’ தொடரின் கதைகளுள் ஒன்று. ‘செசமி ஸ்திரீட்’ நிகழ்ச்சியைத் தயாரித்த நிறுவனமே, 8 முதல் 12 வயது வரையுள்ள சிறுவர்களுக்காக 1987ஆம் ஆண்டு இந்நிகழ்ச்சியைத் தொடங்கியது. இதன் புதிய பகுதிகள் 1992 வரை வெளிவந்தன. ‘டிராக்நெட்’ என்ற காவல்துறை நாடகத்தை நையாண்டி செய்தே ‘மேத்நெட்’ உருவாக்கப்பட்டது. திங்கட்கிழமை தொடங்கிய வழக்கின் முடிவை அறிய, வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கிளி சொன்ன எண்களை மீண்டும் பாருங்கள். 1உம் 1உம் சேர்ந்தால் 2. 1உம் 2உம் சேர்ந்தால் 3. 2உம் 3உம் சேர்ந்தால் 5. அப்படியானால் அடுத்த எண் 8. இதுவே ஃபிபொனாச்சி எண் தொடர். இந்த ஒழுங்கைக் கண்டுபிடித்தால்தான் வழக்கின் மர்மம் விலகும். இங்கே கணக்கைத் தனியாக எடுத்துவிட்டால் கதையே இல்லை. நகைச்சுவை பிள்ளைகளைத் திரையின்முன் அமர வைத்தது. விடையைத் தேடும் ஆவல் அவர்களைச் சிந்திக்க வைத்தது.

இதே நிகழ்ச்சியில் ‘மேத்மேன்’ என்ற கேலிச்சித்திரமும் இடம்பெற்றது. கணினி விளையாட்டில் ஓடுவதைப் போல மேத்மேன் ஓடுவான். ஒவ்வோர் எண்ணின் முன்னும் நின்று, “இது சரியான விடையா?” என்று வாய்விட்டு யோசிப்பான். விடை தவறினால் ‘மிஸ்டர் கிளிட்ச்’ என்ற சூறாவளி அவனை விழுங்கிவிடும். ஆனாலும் அடுத்த முறை அவன் மீண்டும் ஓடி வருவான்.

இவையெல்லாம் வெறும் பொழுதுபோக்குதானா? இந்நிகழ்ச்சியின் 30 பகுதிகளைப் பார்த்த ஐந்தாம் வகுப்பு மாணவர்களை ஆய்வாளர்கள் சோதித்தனர். நிகழ்ச்சியைப் பார்க்காத மாணவர்களைவிட, அவர்கள் ஒரு சிக்கலைத் தீர்க்கக் கூடுதலான வழிகளை முயன்று பார்த்தனர்.

கணக்கில் தவறு செய்தால் மற்றவர்கள் சிரிப்பார்களே என்று அஞ்சி, நம்மில் பலர் கையை உயர்த்துவதே இல்லை. மேத்மேனைப் பார்த்தும் எல்லாரும் சிரித்தார்கள். ஆனால், அவன் ஓடுவதை நிறுத்தவில்லை. விடை தவறிய பிறகும் மீண்டும் முயல்பவரே கணிதத்தில் முன்னேறுகிறார்.