விளையாட்டுக்கு ஒரு காவல்காரர்

1987-இல் பிறந்த நெட்ஹேக் இன்றும் கம்ப்யூட்டர்களில் ஓடுகிறது. அதை மூட்டை கட்டி, பழுது பார்த்து வைத்திருப்பவர்கள் இதற்காகச் சம்பளம் வாங்காத சிலர்.

வாகட்டில் மழைக்காலத்தில் மின்சாரம் போவதற்கு நேரம் காலம் கிடையாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை இரவு பதினொன்றரைக்குப் போனது. ஹிஞ்சவடியில் வேலை கிடைத்து எங்கள் வீட்டில் தங்கியிருந்த அக்கா மகன் போட்ட சத்தத்தில், எதிர் பிளாட் மராட்டிக்காரர் டார்ச் லைட்டோடு வந்து கதவைத் தட்டினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "மூணு வாரமா ஆடின ஆட்டம் சித்தி. சேவ் பண்ணல. எல்லாம் போச்சு." எதிர் வீட்டுக்காரருக்கு இதை இந்தியில் விளக்க நான் பட்ட பாடு தனிக் கதை.

அவன் ஆடியது நெட்ஹேக். படம் கிடையாது, சத்தம் கிடையாது. கறுப்புத் திரையில் எழுத்துகளும் குறிகளும்தான். '@' என்றால் நீங்கள். ஆங்கிலச் சின்ன 'டி' நாய், பெரிய 'டி' டிராகன். ஏறத்தாழ ஐம்பது அடுக்குள்ள பாதாளத்தில் இறங்கி, யெண்டாரின் தாயத்தை எடுத்துக்கொண்டு மேலே வரவேண்டும். வழியில் செத்தால் செத்ததுதான். மறுபடி புது ஆளாக முதல் அடுக்கிலிருந்து தொடங்கவேண்டும். 2021-இல் செயற்கை அறிவு புரோகிராம்களுக்கு இதில் ஒரு சர்வதேசப் போட்டியே வைத்தார்கள். ஒன்றுகூட ஆட்டத்தை ஜெயித்து வெளியே வரவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் மூன்று வாரம் உயிரோடு இருந்தவன் கத்தியதில் நியாயம் உண்டு.

மறுநாள் காலை, பல் தேய்த்தபடியே பழைய டெஸ்க்டாப்பை ஆன் செய்தான். ஆட்டத்தைத் திறந்தான். கடைசியாக இறங்கிய படிக்கட்டின் அடியில் '@' நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பிறகு போட்ட சண்டைதான் கணக்கில் இல்லை. மற்றபடி உயிர், வாள், மூட்டை முடிச்சு எல்லாம் பத்திரம்.

"லக்கு" என்றான். கண்ணில் பட்ட எழுத்தையெல்லாம் வாசித்துப் பார்ப்பது மொழிபெயர்ப்பவளின் வியாதி. ஒரு வாரம் அந்த விளையாட்டின் கோப்புகளைத் துழாவியதில் ஒன்று தெரிந்தது. அது லக்கு இல்லை. அவனை நேரில் பார்த்தே இராத யாரோ ஒருவர் செய்துவைத்த ஏற்பாடு.

நெட்ஹேக் ஓடும்போது பாதாளத்தின் ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனிக் கோப்பாக டிஸ்கில் எழுதிக்கொண்டே போகிறது. நடுவில் மெஷின் செத்தால் அந்தத் துண்டுகள் அனாமத்தாகக் கிடக்கும். அவற்றைப் பொறுக்கிச் சேர்த்து, சேமித்த ஆட்டமாக மாற்ற 'ரிகவர்' என்ற குட்டி புரோகிராம் உண்டு. கடைசியாக அடுக்கு மாறிய இடம்வரை மீட்டுத்தரும். ஆனால் அதை யாராவது ஓட்டவேண்டுமே? அக்கா மகன் வைத்திருந்தது டெபியன் என்ற லினக்ஸ் வகை. அதில் நெட்ஹேக்கைப் பேக்கேஜாகக் கட்டிக் கொடுத்தவர், மெஷின் ஆன் ஆகும்போதே ரிகவர் தானாக ஓடும்படி வைத்துவிட்டார். எங்கோ ஓர் ஊரில் மின்சாரம் போகும், ஒருவன் சேவ் செய்திருக்கமாட்டான் என்று முன்கூட்டி யோசித்த மனிதர்.

பேக்கேஜ் என்ற சொல்லுக்குத் தமிழில் 'பொதி' என்று எழுதுகிறோம். பேசும்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை. விஷயம் இதுதான். யூனிக்ஸ், லினக்ஸ் உலகத்தில் ஒரு விளையாட்டை எழுதியவர் பெரும்பாலும் மூலநிரலை மட்டும் வெளியிட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வார். அதை உங்கள் மெஷினில் ஒரே கட்டளையில் நிறுவும்படி செய்வது வேறொருவர் வேலை. நெட்பிஎஸ்டி-காரர்கள் 1997-இல் தொடங்கிய பேக்கேஜ் தொகுதியில் இது எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். மூலநிரல் எங்கே கிடைக்கும், எதைக்கொண்டு கட்டவேண்டும் என்று சொல்ல ஒரு கோப்பு. இறக்கிய நிரலை வழியில் யாரும் மாற்றவில்லை என்று சரிபார்க்கும் எண்களுக்கு ஒரு கோப்பு. நிறுவப்படும் ஒவ்வொரு பொருளின் பெயரும் அடங்கிய ஜாபிதா ஒன்று. இந்த ஜாபிதாவில் ஒரு வரி விட்டுப்போனால், பேக்கேஜை நீக்கிய பிறகும் அந்தப் பொருள் மட்டும் வாடகை கொடுக்காமல் தங்கிவிடும். இவை தவிர, மூலநிரலில் செய்த திருத்தங்கள். பராமரிப்பாளரின் உழைப்பு பெரும்பாலும் இந்தத் திருத்தங்களில்தான் கரைகிறது.

விளையாட்டுக்கு இவ்வளவா என்று கேட்கலாம். யூனிக்ஸ் பிறந்த கதையிலேயே விளையாட்டு இருக்கிறது. 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சன் 'ஸ்பேஸ் டிராவல்' என்ற தன் விளையாட்டை ஓட்டுவதற்காக, கவனிப்பாரற்றுக் கிடந்த ஒரு பிடிபி-7 மெஷினைத் தேடிப் பிடித்தார். அந்த மெஷினில்தான் யூனிக்ஸ் உருவாகத் தொடங்கியது. இன்றைக்கும் யூனிக்ஸ் கையேட்டின் ஆறாம் பகுதி விளையாட்டுகளுக்கு ஒதுக்கப்பட்டது.

நெட்ஹேக்கின் பூர்வீகமும் அங்கேதான். 1980 வாக்கில் கலிஃபோர்னியாவில் மாணவர்கள் எழுதிய 'ரோக்', பெர்க்லி யூனிக்ஸோடு கல்லூரி கல்லூரியாகப் பரவியது. அதைப் பார்த்து அமெரிக்கப் பள்ளி மாணவன் ஒருவன் 'ஹேக்' எழுதினான். ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரீஸ் பிரவர் என்ற கணித அறிஞர் அதைப் பெருக்கி வெளியிட்டார். 1987-இல் பலர் கைசேர்த்து, அன்றைய கம்ப்யூட்டர் வலைகள் வழியே பேசிக்கொண்டு உருவாக்கியது நெட்ஹேக். அவர்களில் ஒருவரான இட்சாக் மில்லர் தத்துவப் பேராசிரியர். 1994-இல் காலமானார். பாதாளத்துக்குள் ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அதில் விளக்குக் கடை வைத்திருப்பவர் பெயர் இட்சாக். நண்பர்கள் செய்த நினைவஞ்சலி. நடுகல்லைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

பராமரிப்பாளரின் உண்மையான தலைவலி அனுமதி விவகாரம். நெட்ஹேக் பிறந்த காலத்தில் ஒரே மெஷினில் பலர் வேலை செய்தார்கள். அதிகப் புள்ளி எடுத்தவர்கள் பட்டியல் எல்லோருக்கும் பொது. அதைக் கையால் திருத்த யாருக்கும் உரிமை கூடாது. ஆனால் விளையாட்டு மட்டும் எழுதவேண்டும். எனவே 'கேம்ஸ்' என்றொரு குழுவை வைத்து, புரோகிராமுக்கு மட்டும் அந்தக் குழுவின் அதிகாரத்தைக் கொடுத்தார்கள். கோயில் உண்டியல் சாவியை எடுபிடிப் பையனிடம் கொடுத்த மாதிரி. பையன் நல்லவன்தான். அவனை யாராவது ஏமாற்றினால்?

ஏமாற்ற முடியும் என்று 2006 மார்ச்சில் தெரிந்தது. ஜென்டூ என்ற லினக்ஸில், விளையாட விரும்புகிறவரையே கேம்ஸ் குழுவில் சேர்த்துவிடுவது அன்று வழக்கமாக இருந்தது. அப்படிச் சேர்ந்தவர் விஷமம் கலந்த சேமிப்புக் கோப்பைப் போட்டுவைத்து, அதைத் திறக்கும் அடுத்த ஆட்டக்காரரின் பெயரில் தன் காரியத்தைச் சாதித்துக்கொள்ளலாம் என்ற பாதுகாப்பு எச்சரிக்கை வந்தது. நெட்ஹேக்கையும் அதன் இரண்டு உறவினர்களையும் நிறுத்திவைத்து, வைத்திருப்பவர்கள் நீக்கிவிடுங்கள் என்று சொல்லவேண்டியதாயிற்று. 2019-இல் இன்னொன்று. ஆட்டக்காரரின் அமைப்புக் கோப்பில் அளவுக்கு மீறிய நீளத்தில் ஒரு வரி இருந்தால் போதும், புரோகிராம் தடம்புரளும். அந்த டிசம்பரில் வந்த 3.6.4 பதிப்பு அதைச் சரிசெய்தது. எழுதியவர்கள் திருத்தியதோடு கதை முடியவில்லை. ஒவ்வொரு பேக்கேஜ் தொகுதியிலும் ஒருவர் உட்கார்ந்து அதை எடுத்து, கட்டி, சோதித்து அனுப்பினால்தான் திருத்தம் உங்கள் மெஷினுக்கு வந்து சேரும்.

மேலே சொன்ன ரிகவர் புரோகிராமையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் கேம்ஸ் அதிகாரம் கொடுப்பதா என்று டெபியன் பேக்கேஜ் மெஷின் உரிமையாளரிடமே கேட்க ஒரு கேள்வியை வைத்திருக்கிறது. கொடுத்தால் ஆட்டக்காரர்கள் தாங்களே மீட்டுக்கொள்ளலாம். கொடுக்காவிட்டால் ஒரு வாசல் குறைகிறது. மெஷின் ஆன் ஆகும்போது எப்படியும் ரிகவர் ஓடிவிடும். ஒரு சாதாரண விளையாட்டில் இத்தனை நிதானமாக யோசித்து, இரு தரப்பையும் எடுத்துச்சொல்லி, முடிவை நம்மிடம் விட்ட அந்தக் குறிப்பைப் பல அரசாங்க அறிவிக்கைகளுக்கு முன்மாதிரியாகக் கொடுக்கலாம்.

2003 டிசம்பரில் நெட்ஹேக் 3.4.3 வந்தது. அடுத்த அதிகாரபூர்வப் பதிப்பு 3.6.0 வந்தது 2015 டிசம்பரில். நடுவில் பன்னிரண்டு ஆண்டுகள் மௌனம். எழுதியவர்கள் அப்படி இருக்கலாம். உலகம் அப்படி இருப்பதில்லை. கம்பைலர்கள் மாறின, நூலகக் கோப்புகள் மாறின. நேற்றுவரை கட்டமுடிந்த நிரல் இன்று பிழை பிழையாகத் துப்பும். 2005 முதல் 2015 வரை டெபியன் ஆறு வெளியீடுகளைக் கண்டது. ஆறிலும் நெட்ஹேக் 3.4.3 தான். ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு சிறு கோடு போட்டு இன்னொரு எண் இருக்கும். அது மட்டும் ஏறிக்கொண்டே போனது. அது பராமரிப்பாளரின் எண். ஒவ்வொரு முறை ஏறும்போதும் என்ன செய்தார் என்று நாலு வரியும், கீழே பெயரும் தேதியும் எழுதவேண்டும். ஏடு பெயர்த்தெழுதியவர்கள் கடைசி ஓலையில் பெயரும் நாளும் குறித்துவைத்தது எனக்கு ஞாபகம் வந்தது. பழைய ஓலை செல்லரிக்கும் முன் புது ஓலைக்கு மாற்றியவர்கள் இருந்ததால்தானே நம் கைக்குச் சங்க இலக்கியமே கிடைத்தது.

இந்த உழைப்பு எங்கெல்லாம் போகிறது என்பது வேடிக்கையானது. டெபியனில் ஒருவர் பேக்கேஜை அனுப்பினால், தானியங்கி மெஷின்கள் அதைப் பலவகை கம்ப்யூட்டர்களுக்குக் கட்டும். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இல் அப்படி ஒன்பது வகை. அவற்றில் பெரிய வங்கிகள் நம்பும் ஐபிஎம் மெயின்ஃபிரேமும் ஒன்று. உபுண்டு அதிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நம் சி-டாக் 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் டெபியன் மேல் எழுப்பியதுதான்.

தமிழில் ஆட முடியுமா என்று அக்கா மகனைக் கேட்டேன். சிரித்தான். டெபியனை நிறுவும்போது தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். பேக்கேஜ் கேட்கும் கேள்விகளையும் மொழிபெயர்த்துச் சேர்க்க வழி உண்டு. விளையாட்டுக்குள் நுழைந்தால் கதை வேறு. ஜப்பானிய, ஜெர்மன், ஸ்பானிஷ் வடிவங்கள் தனித்தனியே எழுதப்பட்டவை. நெட்ஹேக் தன் வாக்கியங்களை அந்தந்த நேரத்தில் கோத்துச் சொல்கிறது. 'ஏ' போடுவதா 'ஆன்' போடுவதா என்று தீர்மானிக்க ஒரு துண்டு நிரல், பன்மையாக்க இன்னொன்று. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் வாள் வாளை ஆகும். கல் கல்லை ஆகும். மோதிரம் மோதிரத்தை, கயிறு கயிற்றை. நன்னூல் தெரிந்த ஒருவர் நிரலும் எழுதத் தெரிந்தவராக இருக்கவேண்டும். எம்.ஏ. படித்தபோது புணர்ச்சி விதிகள் என்றாவது டிராகனை வெட்ட உதவும் என்று யாராவது சொல்லியிருந்தால் இன்னும் ஆசையாகப் படித்திருப்பேன்.

பராமரிப்பாளருக்கு வேலை மாறும், குழந்தை பிறக்கும், அலுத்துப்போகும். அப்போது டெபியனில் அவர் பேக்கேஜை 'ஆர்ஃபன்' என்று அறிவிக்கிறார். அநாதை என்று மொழிபெயர்க்க மனம் வரவில்லை. 'ஆளில்லாதது' என்று வைத்துக்கொள்ளலாம். பொறுப்பாளர் பெயர் இருந்த இடத்தில் தரக் கண்காணிப்புக் குழுவின் பெயர் ஏறும். நெட்பிஎஸ்டி தொகுதியில் ஆளில்லாத பேக்கேஜுக்குப் பயன்படுத்துவோர் அனைவருக்குமான பொதுப் பெயரைப் போடுகிறார்கள். பொதுக் கிணற்றைத் தூர்வாருவது யார் என்ற பழைய கேள்விதான்.

இந்தியாவில் ஆள் இல்லையா? புனேயில் மட்டும் எத்தனை புரோகிராமர்கள். காலை எட்டரைக்கு பும்கர் சவுக்கில் நின்றால் பாதிப் பேரைப் பார்த்துவிடலாம், அசையாமல். ஒன்றும் நடக்கவில்லை என்றும் சொல்லமுடியாது. ரெட் ஹேட் 2004-இல் வெளியிட்ட லோஹித் எழுத்துருக்களை, தமிழ் உட்பட, பல ஆண்டுகள் பேணியது புனேயில் இருந்தவர்கள். ஃபெடோரா லினக்ஸ்காரர்களின் கூட்டம் 2011 நவம்பரில் புனே பொறியியல் கல்லூரியில் நடந்தது. 2015 ஜூனில் மறுபடியும் இதே ஊரில். டெபியனின் வருடாந்தர மாநாடு 2023 செப்டம்பரில் முதன்முறையாக இந்தியாவுக்கு, கொச்சிக்கு வந்தது. இருந்தாலும் நாம் எடுத்துக்கொள்வதோடு ஒப்பிட்டால் திருப்பிக் கொடுப்பது சொற்பம் என்றே எனக்குப் படுகிறது. புது புரோகிராம் எழுதியதை பயோடேட்டாவில் போடலாம். பிறர் எழுதியதைப் பன்னிரண்டு ஆண்டு பழுது பார்த்ததை எந்தக் கட்டத்தில் போடுவது?

அக்கா மகன் அதன்பிறகு கொஞ்ச நாள் அந்த பேக்கேஜைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் தானே அதை மறுபடி கட்டிப் பார்ப்பான். வராது. திட்டுவான். பிறகு வரும்.

ஆகஸ்டில் ஒரு ராத்திரி மறுபடி மின்சாரம் போனது. எதிர் வீட்டுக்காரர் டார்ச்சோடு வாசலுக்கே வந்துவிட்டார், கூச்சலை எதிர்பார்த்து. உள்ளே சத்தம் இல்லை. எட்டிப் பார்த்தேன். அவன் இருட்டில் பாயை விரித்துக்கொண்டிருந்தான். "பன்னெண்டாவது அடுக்குல இருக்கேன் சித்தி. இப்பதான் படியிறங்கினேன். காலையில பார்த்துக்கலாம்."