கேரவனில் ஈரம்: கறை ஓரிடம், ஓட்டை வேறிடம்!

தமிழ்நாட்டில் கேரவன் என்றால் ஷூட்டிங்கில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் ஏசி வண்டி. பிரிட்டனில் அது காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் குட்டி வீடு. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். விடுமுறைக்குக் கடற்கரைப் பக்கம் போகும். மிச்ச நாளெல்லாம் வீட்டு வாசலில் மழையில் நனைந்துகொண்டு நிற்கும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பழைய கேரவன் வாங்கப் போகிறவர்கள் இன்ஜினைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அதில் இன்ஜினே கிடையாது. பார்க்க வேண்டியது ஈரத்தைத்தான். சுவர் உளுத்துப்போன வண்டியைச் சரிசெய்ய, சில நேரம் அதை வாங்கிய விலையைவிட அதிகமாகச் செலவாகும்.

தண்ணீர் எப்படி நுழைகிறது?

பெரும்பாலான பழைய கேரவன்களின் சுவர் ஒரு சாண்ட்விச் மாதிரி. வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, நடுவில் மரச்சட்டமும் தெர்மாகோல் போன்ற பொருளும், உள்ளே மெல்லிய பிளைவுட். தகடுகள் சேரும் மூலைகளில் அலுமினியப் பட்டை வைத்து வரிசையாக ஸ்க்ரூ அடித்திருப்பார்கள். பட்டைக்கு அடியில் மாஸ்டிக் என்ற பசை இருக்கும். இறுகாமல் நெகிழ்ந்து கொடுப்பதுதான் அதன் வேலை. வருஷங்கள் போகப் போக அது காய்ந்து வெடிக்கிறது. அப்புறம் ஒவ்வொரு ஸ்க்ரூ துளையும் தண்ணீருக்கு ஒரு வாசல். ஜன்னல், கூரைத் திறப்பு, கைப்பிடி, வெளி விளக்கு என எங்கெல்லாம் துளை போட்டிருக்கிறதோ அங்கெல்லாம் இதே கதைதான்.

உள்ளே போன தண்ணீர் அங்கேயே நிற்காது. மரச்சட்டத்தின் வழியே இறங்கி, எங்கோ தள்ளி ஜன்னலுக்குக் கீழே கறையாகத் தெரியும். கறை இருக்கும் இடத்தில் பசையை அப்புவது வீண் வேலை.

எப்படிக் கண்டுபிடிப்பது?

மூக்குதான் முதல் கருவி. கதவைத் திறந்ததும் பூஞ்சை வாடை அடிக்கும். மூலைகளில் விரலால் அழுத்தினால் சுவர் பொதபொதவென்று இருக்கும். அடுத்தது ஈரமானி. பொதுவான கணக்குப்படி 15% வரை பரவாயில்லை. 20%-ஐத் தாண்டினால் தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது என்று சந்தேகப்படணும். 30%-க்கு மேல் போனால் மரமே கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஒழுகும் இடத்தைப் பிடிக்க, சில பட்டறைகளில் கதவு ஜன்னலை எல்லாம் அடைத்து உள்ளே லேசாகக் காற்றை ஏற்றுவார்கள். வெளியே சோப்புத் தண்ணீர் தடவினால், ஓட்டை உள்ள இடத்தில் குமிழி வரும். பஞ்சர் கடை டெக்னிக்கேதான்!

சரிசெய்யும் வரிசை

பலரும் செய்வது, மேலாக சிலிக்கான் பூசிவிடுவது. அது பெரும்பாலும் பிரச்சினையை மூடி மறைக்கும், அவ்வளவுதான். உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் போகும். பின்னால் சரியான பசை போட நினைத்தாலும், சிலிக்கான் மிச்சத்தின் மேல் அது ஒட்டாது.

முறைப்படி என்றால், பட்டையையே கழற்ற வேண்டும். பழைய மாஸ்டிக்கைத் துளியும் விடாமல் சுரண்டி, புதிய பியூட்டைல் பசைப் பட்டி ஒட்டி, துருப்பிடித்த ஸ்க்ரூக்களுக்குப் பதில் துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்க்ரூ போடணும். வெளியே அடைத்த பிறகுதான் உள்வேலை. ஈரமான பிளைவுட்டைப் பிரித்து, உளுத்த மரத்தை வெட்டியெடுத்து, மிச்சத்தைக் காயவிட வேண்டும். இதற்கு வாரக்கணக்கில்கூட ஆகலாம். அவசரப்பட்டு மூடினால் பூஞ்சை திரும்ப வரும்.

எல்லா ஈரமும் ஒழுகல் அல்ல. மூச்சுக்காற்று, கேஸ் அடுப்பு இரண்டுமே நீராவியை வெளிவிடுகின்றன. குளிர் இரவில் அது ஜன்னலில் முத்து முத்தாகப் படியும். குளிர் தாங்காமல் காற்றுத் துளைகளைத் துணியால் அடைப்பவர்கள் உண்டு. அதைமட்டும் செய்யவே கூடாது. கேஸ் கசிந்தாலோ கார்பன் மோனாக்சைடு உருவானாலோ வெளியேற அந்தத் துளைகள்தான் வழி.