சுண்டெலியின் குட்டை வால்

பாலூட்டியின் கரு கருப்பையில் பதிந்த பிறகும் சில நாட்கள் வரை, உடலாக உருவெடுக்கவிருக்கும் அதன் பகுதி ஒற்றை அடுக்குச் செல்களாலான மெல்லிய படலமாகவே இருக்கிறது. சுண்டெலியில் ஏறத்தாழ ஆறரை நாளிலும், மனிதரில் மூன்றாம் வாரத் தொடக்கத்திலும், அப்படலத்தில் ஆதிக்கோடு எனப்படும் தடிப்பு தோன்ற, அதன் வழியே செல்கள் அண்டைச் செல்களின் பிடியிலிருந்து கழன்று உள்ளே இறங்குகின்றன. அவ்வாறு இறங்கியவற்றிலிருந்து குடலின் உட்பரப்பைத் தரும் அக அடுக்கும், தசை, எலும்பு, இரத்தம் ஆகியவற்றைத் தரும் நடு அடுக்கும் அமைய, மேலேயே தங்கியவை தோலுக்கும் மூளைக்கும் மூலமான புற அடுக்காகின்றன.

இந்தப் பிரிவினையை ஆளும் மரபணுக்களுள் ஒன்று, கருவை எவரும் அறுத்துப் பார்ப்பதற்கு முன்பே, வாலின் நீளத்தால் பிடிபட்டது. பாரிஸ் ரேடியம் நிறுவனத்தில் பணியாற்றிய ரஷ்ய மருத்துவர் நதீன் டொப்ரொவோல்ஸ்காயா-ஸவாட்ஸ்காயா, எக்ஸ் கதிர் பாய்ச்சிய சுண்டெலிகளின் வழித்தோன்றல்களில் வால் குட்டையாக அமைந்ததை 1927இல் விவரித்தார். கிரேக்க மொழியில் குட்டை வால் எனப் பொருள்படும் பிராக்கியூரி என்பதே அம்மரபணுவின் பெயராயிற்று. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பழுதான பிரதியைப் பெற்ற எலிக்கு வால்தான் குட்டை. இருவரிடமிருந்தும் பெற்ற கருவோ, முதுகெலும்புக்கு முன்னோடித் தண்டான முதுகுநாண் இன்றி, உடலின் பின்பகுதியில் நடு அடுக்கும் அமையாமல், பத்து நாள் அளவில் மடிந்துவிடுகிறது.

குறை ஏன் வாலில் வெளிப்பட வேண்டும் என்பது கவனத்துக்குரிய கேள்வி. பாலூட்டியின் உடல் தலைப்பக்கம் தொடங்கிப் பின்னோக்கிப் படிப்படியாக நீள்கிறது என்பதால், நல்ல பிரதி ஒன்றிலிருந்து கிடைக்கும் பாதியளவுப் புரதம் முன்பகுதிக்குப் போதுமானதாக இருந்தும், கடைசியில் உருவாகும் வாலுக்கு எட்டாமல் போகிறது. ஐல் ஆஃப் மேன் தீவின் வாலில்லா மேங்க்ஸ் பூனைகளிலும் இதே மரபணுவில்தான் பிழை இருக்கிறது.

1990இல் பெர்ன்ஹார்ட் ஹெர்மன் குழுவினர் இம்மரபணுவைப் பிரித்தெடுத்தனர். அதன் புரதம் டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடங்களைப் பற்றிக்கொண்டு பிற மரபணுக்களை இயக்கும் தன்மையது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆனால் அதுவும் தன்னிச்சையாக எழுவதன்று. அது எழுவதற்கு முன்தேவையான வின்ட்3 என்னும் சமிக்ஞைப் புரதம் இல்லாத சுண்டெலிக் கருவில் ஆதிக்கோடே தோன்றுவதில்லை.

பிராக்கியூரியின் மரபணுக் குடும்பத்தையே சேர்ந்த டிபிஎக்ஸ்6 மரபணுவை நீக்கிய கருவில் 1998இல் காணப்பட்டது இன்னும் வியப்புக்குரியது. முதுகெலும்பும் தசையும் ஆகவேண்டிய செல்கள், ஆதிக்கோட்டைக் கடந்து தமக்குரிய இடத்தை அடைந்திருந்தும் நரம்புத் திசுவாகவே மாறியதால், முன்னங்கால்களுக்குப் பின்னே தண்டுவடத்துக்கு மூலமான நரம்புக் குழாய், நடுவில் ஒன்றும் இருபுறமும் ஒவ்வொன்றுமாக மூன்றாக இருந்தது.