கணினியின் கருவில் ஒன்பது ஆண்டு கிடந்த வழு

பூட்டை உடைத்து உட்புகும் கள்வனை எல்லாரும் அறிவர். திண்ணையில் இருக்க மட்டும் இடம் பெற்ற ஒருவன், பொழுது விடியுமுன் வீட்டுக்கே உரியவனாகிவிட்டால் அதனை என்னென்பது? கணினித் துறையினர் அதனைச் சிறப்புரிமை உயர்த்தல் என்பர். 2016ஆம் ஆண்டு வெளிப்பட்ட 'டேர்ட்டி கவ்' என்னும் வழு அதற்குத் தக்க சான்றாகும். 'எழுதும்போது படியெடுத்தல்' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் கூடிப் பசுவைக் குறிக்கும் சொல்லாயின. மற்றபடி மாட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

கணினியாயினும் கையடக்கத் தொலைபேசியாயினும் அதனுள் ஆட்சி செலுத்துவது பணிசெயல் முறைமை. அதன் உள்ளகமே கரு. நினைவகத்தின் எப்பகுதியை எவர் படிக்கலாம், எவர் எழுதலாம் என்று தீர்ப்பது அக்கருவே. சாதாரணப் பயனருக்குச் சில உரிமைகளே உண்டு. 'ரூட்' எனப்படும் தலைமைப் பயனருக்கோ எல்லாம் உண்டு. லினக்ஸ் என்னும் கரு பெரிய நிறுவனங்களின் கணினிகளில் மட்டுமன்றி, அண்ட்ரொய்ட் தொலைபேசிகளிலும் இருக்கிறது. ஆதலின், கட்டாரிலும் சவூதியிலும் உழைக்கும் பிள்ளைகளின் முகம் காண நம் உம்மாமார் கையில் எடுக்கும் கருவிக்குள்ளும் அது இருக்கிறது.

வழு நிகழும் முறையைப் பாடசாலைக் கந்தோரை வைத்து விளக்கலாம். அனுமதி இடாப்பை எவரும் பார்க்கலாம், திருத்த முடியாது. ஒருவன் வந்து, "இதில் எழுதவேண்டும்" என்று துண்டுச்சீட்டு நீட்டுகிறான். எழுதுவினைஞர் மூல ஏட்டைக் கொடாமல் ஒரு படி எடுத்து, "இதில் உன் விருப்பம்போல் எழுது" என்கிறார். படி ஆயத்தமாகிவிட்டதால், சீட்டிலுள்ள 'எழுத' என்னும் சொல்லை வெட்டிவிடுகிறார். அந்த நொடியிலே, வந்தவனின் கூட்டாளி அப்படியைக் கிழித்தெறிகிறான். எழுதுவினைஞர் மீண்டும் சீட்டைப் பார்க்கிறார். எழுதும் பேச்சே அதில் இல்லை. பார்க்கத்தானே கேட்கிறான் என்று மூல ஏட்டையே எடுத்து வைக்கிறார். எழுதுகோலோ ஏற்கெனவே தாளின்மேல் இருக்கிறது!

கருவில் நிகழ்ந்ததும் இதுவே. இரண்டு செயல்கள் ஒன்றையொன்று முந்தும் ஓட்டம் அது. ஆயிரம் முறை தவறினும் ஒரு முறை பலித்தாற் போதும். கணினிக்கோ ஆயிரம் முறை என்பது கண்ணிமைக்கும் பொழுது. பயனர் பெயர்களைத் தாங்கிய கோப்பில் ஒரு வரியை மாற்றினால், திண்ணையில் இருந்தவன் தலைமைப் பயனராகிவிடுவான்.

பில் ஓஸ்டர் என்பார் தாக்குதலுக்குள்ளான ஒரு கணினியின் போக்குவரத்தைப் பதிவு செய்து ஆராய்ந்தபோது இதனைக் கண்டார். அறிஞர் காணுமுன்னரே கயவர் கையாண்டுவிட்டனர் என்பது இதனாற் புலனாகும். லினக்ஸை ஆக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ், 2005இலேயே தாம் இதனைத் திருத்த முயன்றதையும், பெருங்கணினி வகையொன்றில் இடர் நேர்ந்ததால் அத்திருத்தம் நீக்கப்பட்டதையும் ஒளியாது பதிவு செய்தார். 2007இல் வெளிவந்த பதிப்பு முதல் ஒன்பது ஆண்டு, எவரும் படிக்கத்தக்க திறந்த மூல நிரலில், வழு அப்படியே கிடந்தது. பலர் பார்ப்பதால் பிழை தானே அகன்றுவிடும் என்ற நம்பிக்கை சற்று மிகையானதென்றே தோன்றுகிறது. 2016 ஒக்டோபரில் செய்த திருத்தமோ மிகச் சிறிது: 'எழுத' என்ற சொல்லை வெட்டாது, 'படி எடுத்தாயிற்று' என்ற குறிப்பைத் தனியே சேர்த்தனர்.

திருத்தம் பிறந்தது; எல்லாக் கருவிக்கும் போய்ச் சேரவில்லை. 2017 செப்டெம்பரில் ட்ரெண்ட் மைக்ரோ நிறுவனம், இவ்வழுவைப் பயன்படுத்தி அண்ட்ரொய்ட் தொலைபேசிகளைக் கைப்பற்றும் 'ஸ்னியு' என்னும் தீநிரலை அறிவித்தது. 40க்கு மேற்பட்ட நாடுகளில் அது காணப்பட்டது. பாதிக்கப்பட்டோருட் பெரும்பாலார் சீனரும் இந்தியருமாவர். விளையாட்டுச் செயலிகள் போன்ற வேடங்களில் அது உட்புகுந்தது.

ஆதலால், கல்முனைக் கடைத்தெருவிலே பழைய தொலைபேசி வாங்குவோர் திரையின் கீறலை மட்டும் பார்ப்பது போதாது. அமைப்புகள் பகுதியில் பாதுகாப்புத் திருத்தத்தின் தேதி குறிக்கப்பட்டிருக்கும். இவ்வழுவுக்கான திருத்தத்தை அண்ட்ரொய்ட் 2016 டிசம்பர்த் தொகுதியில் சேர்த்தது. அதற்குப் பின்னரும் வேறு வழுக்கள் கருவில் வெளிப்பட்டுள்ளன. 2022இல் 'டேர்ட்டி பைப்' என்பது ஒன்று. தயாரித்த நிறுவனம் திருத்தம் அனுப்புவதை நிறுத்திவிட்ட கருவியில் அந்தத் தேதி அப்படியே நின்றுவிடும். வங்கிக் கணக்கைத் திறக்க அது உகந்ததன்று.