ஐந்தரைப் பங்கும் ஐந்தாம் வகுப்பும்

பழவேற்காட்டுக் குப்பத்தில் சாயங்கால டியூஷன் எடுப்பவள் நான். ஏரியில் இறாலுக்குப் போகிற வீட்டில் பிறந்தவள். பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் அம்மாக்கள் ஆளுக்கொரு தடவையாவது இதைக் கேட்டுவிடுகிறார்கள்: "இன்னாம்மா இது, ஸ்கூல்ல வாய்ப்பாடு ஒப்பிக்கல, நோட்டுல கணக்கு போடல. குச்சிய கட்டுது, அவுக்குது. இது படிப்பா, விளையாட்டா?"

படிப்புதான். அதுவும் நேற்று முளைத்ததில்லை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தபோதே பிள்ளைகள் பெஞ்சை விட்டுத் தரையில் உட்கார்ந்து அட்டைகளை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார்கள். சில ஆண்டுகளில் அது மாநிலம் முழுக்கப் பரவியது. பிறகு கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்து, பிள்ளைகள் எண்ணையும் எழுத்தையும் மறந்து திரும்பினார்கள். அந்தப் பள்ளத்தை நிரப்ப அரசு கொண்டுவந்ததுதான் 'எண்ணும் எழுத்தும்'. 2022 ஜூன் 13 அன்று எங்கள் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான் முதலமைச்சர் அதைத் தொடங்கிவைத்தார். முதலில் ஒன்று முதல் மூன்று வகுப்பு வரை இருந்தது, அடுத்த கல்வியாண்டில் நான்கும் ஐந்தும் சேர்ந்தன. பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அந்த நிலையிலிருந்தே சொல்லித் தருகிறார்கள்.

குச்சி எதற்கு? 52-லிருந்து 28-ஐக் கழிக்க வேண்டும் என்று வையுங்கள். நாங்கள் படித்தபோது, "ரெண்டுல எட்டு போகாது, பக்கத்துல கடன் வாங்கு" என்பார்கள். வாங்கினோம். யாரிடம் வாங்கினோம், ஒன்று வாங்கினால் எப்படிப் பத்தாகிறது என்று யாரும் கேட்கவில்லை. இப்போது பிள்ளையின் முன்னால் பத்துப் பத்தாய்க் கட்டிய ஐந்து கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் இருக்கும். எட்டு எடுக்க உதிரி போதாது, ஒரு கட்டைப் பிரிக்கிறது. உதிரி பன்னிரண்டாகிறது. எட்டு போக நான்கு. மிச்சமுள்ள நான்கு கட்டில் இரண்டு போக இரண்டு. விடை 24. கடன் என்பது கட்டைப் பிரிப்பதுதான் என்று கையாலேயே தெரிந்துவிடுகிறது. குச்சி பிறகு தானாகவே விலகிவிடும்.

இதைப் பார்த்துச் சிரிக்கிற அதே அம்மா மார்க்கெட்டில் என்ன செய்கிறார்? 280 ரூபாய் மீனுக்கு 500 ரூபாய் நோட்டு வருகிறது. மனசுக்குள் அவர் எந்தக் கடனும் வாங்குவதில்லை. இருபது போட்டால் 300, இன்னும் இருநூறு போட்டால் 500. சில்லறை 220 கைக்கு வந்துவிடுகிறது. இப்படி ஏறுமுகமாய் எண்ணிக் கழிப்பதும் சரியான வழிதான்.

மீன் விற்ற காசைப் பங்கு பிரிப்பது இன்னும் பெரிய பாடம். பங்கு முறை தொழிலுக்குத் தொழில் மாறும். ஒரு பேச்சுக்கு, மூன்று ஆளுக்கு மூன்று பங்கு, படகுக்கு ஒன்று, வலைக்கு ஒன்று, கூட வந்த பையனுக்கு அரை. மொத்தம் ஐந்தரை. கையில் இருப்பது 2,200 ரூபாய். பின்னத்தால் வகுக்கும் கணக்கு இது, பெரிய வகுப்புப் பிள்ளையே திணறும். எங்கள் பெரியவர்கள் எல்லாவற்றையும் அரைப் பங்காக்கி எண்ணுவார்கள். பதினோரு அரை, அரைக்கு 200, முழுப் பங்குக்கு 400. முடிந்தது. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஊர்களில் யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைக்கும் 'பாடு' இருக்கிறதே, அதுவும் கணக்குதான்.

அப்படியானால் மீனவர் பிள்ளைக்குக் கணக்கு தானாக வர வேண்டுமே? வராது. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் மற்ற ஆய்வாளர்களோடு சேர்ந்து கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைச் சோதித்த ஆய்வு 2025-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. வியாபாரக் கணக்கை மனசிலேயே போட்ட பிள்ளைகள், பள்ளிப் பாணியில் தாளில் கொடுத்தபோது தடுமாறினார்கள். தாளில் நன்றாகப் போட்ட பள்ளிப் பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருவில் பொருள் விற்ற சிறுவர்களும் தாள் கணக்கில் இப்படித் தடுமாறியதை 1985-லேயே கண்டிருக்கிறார்கள். கரைக் கணக்கும் தாள் கணக்கும் தாமாகக் கைகோப்பதில்லை. கோத்துவிட ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் டியூஷன் எடுப்பவர்தான், பெற்றோர்தான். அதனால்தான் பள்ளியில் ஒரு வழி, டியூஷனில் ஒரு வழி என்று பிள்ளையை இழுக்கக் கூடாது என்கிறேன். பள்ளியில் கட்டைப் பிரிக்கிற பிள்ளையிடம் நாம் "கடன் வாங்கு" என்று அதட்டினால் இரண்டும் குழம்பும். முதலில் பள்ளியின் வழியில் போடட்டும். பிறகு நம் வழியில் போட்டுக் காட்டி, இரண்டிலும் ஒரே விடை எப்படி வந்தது என்று பேசலாம். வாய்ப்பாடும் வேண்டும். ஆனால் ஆறேழு நாற்பத்திரண்டு மறந்துபோனால், ஐயேழு முப்பத்தைந்தோடு ஏழைக் கூட்டிப் பிடிக்கத் தெரிந்த பிள்ளை பயப்படாது.

எழுதப் படிக்கத் தெரியாது என்று ஒதுங்கும் அம்மாக்களுக்கு ஒன்று சொல்கிறேன். இன்றைய வியாபாரத்தைப் பிள்ளையிடம் சொல்லுங்கள், அது நோட்டில் எழுதட்டும். விடை வந்ததும் சரியா தப்பா என்று பார்ப்பதற்கு முன்னால் "எப்படிப் போட்ட?" என்று கேளுங்கள். அடுத்த முறை பள்ளிக்குப் போனால் மார்க்கை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். என் பிள்ளை கணக்கில் அரும்பா, மொட்டா, மலரா என்று டீச்சரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.