பாக்டீரியா உண்டாக்கும் உலோக நானோதுகள்களும் புரதங்களும்

சில பாக்டீரியாக்கள் நீரில் கரைந்துள்ள உலோகங்களைத் திண்மத் துகள்களாக மாற்றுகின்றன. இத்துகள்கள் பல நானோமீட்டர் அளவினவே. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய துகள், திண்மமாக இருந்தும், ஓடும் நீரில் மிதந்து போய்விடக்கூடும். அப்படியானால் நச்சு உலோகத்தை நீரிலிருந்து பிரித்தும் பயனில்லை. இங்குதான் துகள்களில் ஒட்டும் புரதங்கள் முக்கியத்துவம் பெறுகின்றன.

இதற்கு நல்ல சான்று, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள பிகெட் ஈய-துத்தநாகச் சுரங்கம். நீர் நிரம்பிய அதன் பாதைகளில் வளர்ந்த உயிர்ப்படலத்தை ஆராய்ந்த முடிவுகள் 2000-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியாயின. அங்குள்ள பாக்டீரியாக்கள், நாம் ஆக்சிசனைக் கொண்டு சுவாசிப்பதுபோல, சல்பேட்டைக் கொண்டு சுவாசிக்கின்றன; சல்பைடை வெளியேற்றுகின்றன. அது நீரிலுள்ள துத்தநாகத்துடன் சேர்ந்து துத்தநாக சல்பைடு ஆகிறது. நிலத்தடி நீரில் துத்தநாகம் பத்து இலட்சத்தில் 0.09 முதல் 1.1 பங்கு வரைதான் இருந்தது. உயிர்ப்படலத்திலோ அதைப்போல் ஏறக்குறைய 10 இலட்சம் மடங்கு! ஆர்சனிக்கும் செலினியமும்கூடச் சிறிதளவு அதில் சேர்ந்திருந்தன.

ஒவ்வொரு துகளும் 2 முதல் 5 நானோமீட்டர் விட்டமே கொண்டது. ஆயினும் அவை தனித்தனியே கிடக்கவில்லை. மைக்ரோமீட்டர் அளவுள்ள உருண்டைகளாகத் திரண்டிருந்தன. திரட்டியது எது?

2007-இல் ஜான் மோரோ, ஜில்லியன் பான்ஃபீல்டு முதலியோர் இதற்கு விடை தேடினர். துத்தநாக சல்பைடில் நைட்ரசன் கிடையாது. ஆனால் உருண்டைகளுக்குள் நைட்ரசன் காணப்பட்டது. அகச்சிவப்புக் கதிர் ஆய்வும் கூழ்மின்முனைப் பிரிப்பும் அங்கே புரதம் இருப்பதை உறுதிசெய்தன. அடுத்து, ஆய்வகத்தில் செய்த துத்தநாக சல்பைடு துகள்களுடன் அமினோ அமிலங்களைச் சேர்த்துப் பார்த்தபோது, சிஸ்டீன் அவற்றை விரைவாகத் திரளச் செய்தது. சிஸ்டீனிலுள்ள கந்தகத் தொகுதி துத்தநாகத்துடன் எளிதில் பிணையக்கூடியது. எனினும் சோதிக்கப்பட்டவை அமினோ அமிலங்களே, சுரங்கத்துப் புரதங்கள் அல்ல என்பதை மாணவர்கள் மறக்கலாகாது.

எல்லாப் புரதங்களும் துகள்களைத் திரட்டுவதில்லை. ஆய்வகங்களில் பாக்டீரியாவைக் கொண்டு வெள்ளி நானோதுகள் செய்யும்போது, புரதப் பூச்சு துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்து வைப்பதும் உண்டு. மருந்தாகவோ கிருமிநாசினியாகவோ பயன்படுத்த அந்தப் பிரிவே வேண்டும். மாசுற்ற நீரைத் தூய்மைசெய்யத் திரட்சியே வேண்டும்.