வயல் நீர் போய்ச் சேரும் இடம்: மாணவர்களுக்குக் கழிமுகப் பாடம்

கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்துக்குக் கிழக்கே வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பிச்சாவரம் சுரபுன்னைக் காடு உள்ளது. பரப்பு சுமார் 1,100 எக்டேர். பள்ளி மாணவர்களை ஆசிரியர்கள் இங்கே படகில் அழைத்து வந்து பாடம் நடத்துகின்றனர். பிள்ளைகள் கற்கும் இப்பாடம், வயல் வைத்திருக்கும் பெற்றோரும் அறிய வேண்டியதாகும்.

மரம் விடும் நாற்று

சேற்றில் காற்றோட்டம் கிடையாது. ஆகவே கண்டல் மரத்தின் மூச்சு வேர்கள் பென்சில் நட்டாற்போல் சேற்றுக்கு மேலே நிற்கின்றன. வேர் வழியே ஏறிய உப்பை அதன் இலைகள் வெளியேற்றுகின்றன. சுரபுன்னை விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போல் தொங்கி, பின்பு சேற்றில் விழுந்து வேர் பிடிக்கிறது. மரமே நாற்றங்காலாகவும் இருக்கிறது. தில்லை மரத்தை மட்டும் ஒடிக்கக் கூடாது. அதன் பால் கண்ணுக்குக் கேடு.

இறாலின் தொட்டில்

உதிர்ந்த இலைகள் மக்கிச் சிற்றுயிர்களுக்கு இரையாகின்றன. அவற்றை நம்பி இறால், நண்டு, மடவை ஆகியவை வளர்கின்றன. கடலில் பிறந்த வெள்ளை இறால் குஞ்சுகள் ஓதத்தோடு உள்ளே வந்து, ஓரளவு வளர்ந்தபின் கடலுக்குத் திரும்புகின்றன. மழைக்காலம் முதல் உள்ளான் முதலிய வலசைப் பறவைகளும் இரை தேடி வருகின்றன.

உவருக்கு மருந்து வடிகால்

1970-கள் வரை இக்காட்டில் முறைவைத்து மரம் வெட்டினர். வெட்டிய இடங்களில் தரை தாழ்ந்து, கடல்நீர் தேங்கி வற்றியதால் உவர் மிகுந்து, கன்று முளைக்கவில்லை. 1990-களில் ஊர் மக்களின் துணையோடு வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. ஓதநீர் வந்து போகத் தொடங்கியதும் நட்ட கன்றுகள் பிழைத்தன. உவர் நிலம் வைத்திருப்போர் இதைக் கவனிக்க வேண்டும். நல்ல நீர் பாய்ச்சுவதோடு, அது உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியேற வடிகாலும் வேண்டும்.

விவசாயிகள் செய்ய வேண்டியது

கழிமுகத்தின் உப்பை மட்டுப்படுத்துவது ஆற்று நீர். வயலின் வடிகால் நீரும் வாய்க்கால் வழியே இங்குதான் வந்து சேர்கிறது. பூச்சிகளைப் போல இறாலும் கணுக்காலி இனம். பயிர்ப் பூச்சியைக் கொல்லும் மருந்துகள் பல, மிகச் சிறிய அளவிலேயே இறால் குஞ்சுகளையும் கொன்றுவிடும். எனவே,

* தேவைக்கு மேல் மருந்து அடிக்க வேண்டாம்.
* மழை வரும் போலிருந்தால் மருந்து தெளிப்பதைத் தள்ளிப்போடவும்.
* தெளித்த வயலின் நீரைச் சில நாட்களுக்கு வடிக்க வேண்டாம்.
* தெளிப்பானையும் காலிப் புட்டிகளையும் வாய்க்காலில் கழுவ வேண்டாம்.

மேல்மடை விவசாயியின் கவனத்தில்தான் கழிமுகத்து மீனவரின் வலை நிறைகிறது.